துடைப்பம் எழுதிய தேர்வு

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுது. நான் வேலை பார்க்கும் உணவு விடுதிக்கு என் வகுப்புத் தோழர்கள் நால்வர் வந்தனர். என் கையில் மேசை துடைக்கும் துணி. அவர்கள் என்னைக் காணுமுன் சமையற்கட்டுக்குள் ஓடி ஒளிந்தேன். அவர்கள் உண்டு முடித்துப் போகும்வரை வெளியே தலை காட்டவில்லை. கல்லூரியை விட்டுவிடலாமா என்றுகூட அன்றிரவு எண்ணினேன்.

அந்த வாரத்தில்தான் நம் கல்லூரி நூலகத்தில் ஒரு தன்வரலாறு என் கைக்குக் கிடைத்தது. 1901ஆம் ஆண்டு வெளிவந்த 'அப் ஃப்ரம் ஸ்லேவரி' என்ற நூல் அது. எழுதியவர் அமெரிக்கக் கறுப்பினப் பெருமகன் புக்கர் டி. வாஷிங்டன். நான் ஒளிந்துகொண்ட அதே வேலையைச் செய்து படித்தவர் அவர் என்று அறிந்தபோது என் தலை தாழ்ந்தது. அவர் கதையை உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

1856ஆம் ஆண்டளவில் வர்ஜீனியா மாநிலத்துப் பண்ணையொன்றில் அடிமையாகப் பிறந்தார் புக்கர். தாய் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. தந்தை யாரென்று அவர் அறியார். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உப்புக் காய்ச்சும் உலையில் சிறுவனுக்கு வேலை கிடைத்தது. உப்புப் பீப்பாய்களின்மேல் அவன் மாற்றாந்தந்தைக்கு உரிய அடையாளமாக 18 என்ற எண்ணைப் பொறிப்பார்கள். புக்கர் முதன்முதலில் கற்ற எழுத்து அந்த எண்தான்!

பிறகு பள்ளிக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. ஆனால் காலை ஒன்பது மணிவரை உலையில் உழைக்க வேண்டும். பள்ளி தொடங்குவதும் அதே ஒன்பது மணிக்கு. சிறுவன் என்ன செய்தான் தெரியுமா? தொழிற்சாலைக் கடிகாரத்தின் முள்ளை எட்டரையிலிருந்து ஒன்பதுக்கு நாள்தோறும் நகர்த்தி வைத்தான். தவறுதான், அவரே அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். கல்விக்காகக் காலத்தையே நகர்த்த முயன்ற அச்சிறுவனை யாரால் வெறுக்க முடியும்?

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த நாளில், ஹாம்ப்டன் என்னுமிடத்தில் ஏழைக் கறுப்பின மாணவர்கள் உழைத்துக்கொண்டே படிக்க ஒரு கல்விக்கூடம் உண்டு என்று இருவர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அது எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆயினும் அங்கே போயே தீருவது என்று முடிவு செய்தார். இடையில் ரஃப்னர் என்ற சீமாட்டியின் வீட்டில் பணியாளாக இருந்தார். தூசி ஒரு துளியும் பொறுக்காத அந்த அம்மையாரிடம் கற்ற துப்புரவு பின்னாளில் அவர் வாழ்வையே மாற்றியது.

1872இல் புறப்பட்டார். வழி சுமார் 500 மைல். கையில் இருந்த சொற்பப் பணம் பாதியிலேயே தீர்ந்தது. ரிச்மண்ட் நகரை அடைந்தபோது பசி, தங்க இடமில்லை. பலகை பாவிய நடைபாதைக்கு அடியில் தரையில் படுத்துறங்கினார். மறுநாள் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இரும்புப் பாளங்களை இறக்கும் வேலை கிடைத்தது. பயணத்துக்குக் காசு சேர்ப்பதற்காக, வேலை கிடைத்த பின்னும் பல இரவுகள் அந்த நடைபாதையின் அடியிலேயே கழித்தார். ஹாம்ப்டனை அடைந்தபோது எஞ்சியிருந்தது 50 சென்ட்.

அழுக்கேறிய உடையுடன் வந்து நின்றவரைச் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியை மேக்கி அம்மையார் தயங்கினார். பல மணி நேரம் காக்க வைத்தபின், ஓர் அறையைப் பெருக்கித் தருமாறு பணித்தார். புக்கர் மும்முறை பெருக்கினார்; நான்கு முறை தூசி துடைத்தார். அம்மையார் வந்து கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு தூசியும் ஒட்டவில்லை. சேர்க்கை கிடைத்தது! அதுவே அவர் எழுதிய நுழைவுத் தேர்வு, எழுதுகோல் துடைப்பம்.

உணவுக்கும் உறையுளுக்கும் மாதம் 10 டாலர். அதை ஈடுகட்டக் கல்லூரிக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் பணியை ஏற்றார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்புகளை மூட்டுவார். அந்நேரத்திலேயே பாடமும் படிப்பார். ஆண்டுக் கட்டணம் 70 டாலரை ஒரு வள்ளல் செலுத்தினார். இருந்தது ஒரே இணைக் காலுறை. இரவில் துவைத்து, நெருப்பருகே உலர்த்தி, காலையில் அணிவார்.

முதலாண்டு முடிவில் கல்லூரிக்கு 16 டாலர் கடன். விடுமுறையில் உணவு விடுதியொன்றில் வேலைக்கு அமர்ந்தார். ஒருநாள் மேசையின் கீழே புத்தம்புதிய 10 டாலர் தாள் கிடந்தது. உரிமையாளரிடம் சொன்னார். அவரோ தம் கடையில் கிடந்ததால் தமக்கே உரியது என்று எடுத்துக்கொண்டார். புக்கர் மனம் ஒடிந்தாலும் முயற்சி ஒடியவில்லை. கல்லூரிப் பொருளாளரிடம் உண்மையைச் சொன்னார். முடிந்தபோது செலுத்த இசைவு கிடைத்தது. 1875இல் பட்டயத்துடன் வெளியேறினார்.

1881இல் அலபாமாவில் டஸ்கேகீ கல்விக்கூடம் 30 மாணவர்களுடன் அவர் தலைமையில் தோன்றியது. மாணவர்களே செங்கல் அறுத்தனர். மூன்று சூளைகள் பாழாயின. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டினார், அது வென்றது. 1915 நவம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தபோது அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எழுந்திருந்தன.

அவர் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அரசியல் உரிமையைப் பின்னுக்குத் தள்ளித் தொழிற்கல்வியை முன்னிறுத்தினார் என்று டூபாய்ஸ் போன்ற அறிஞர்கள் 1903இலேயே கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. உழைப்பு மட்டுமே நீதியைக் கொண்டுவந்துவிடாது. ஆனால் உழைப்பதில் இழிவில்லை என்ற அவர் பாடம் என்றும் பொய்க்காது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். பகல் முழுதும் உழைக்கும் ஏழைகளுக்காக ஹாம்ப்டனில் ஓர் இரவுப் பள்ளி நடந்தது. பகலில் பத்து மணி நேர உழைப்பு, இரவில் இரண்டு மணி நேரப் படிப்பு. அதை நடத்தும் பொறுப்பும் புக்கருக்கே வந்தது. முதல் வகுப்பில் கண்ணயரும் மாணவனைக் காணும்போது, அவன் இரவை எங்கே கழித்தான் என்று ஒருமுறை கேளுங்கள்.

தோழர்களே! அந்த நால்வரும் சென்ற மாதம் மீண்டும் விடுதிக்கு வந்தனர். இம்முறை நான் ஒளியவில்லை. துணியை எடுத்துச் சென்று அவர்கள் மேசையைத் துடைத்தேன். மூலை முடுக்கெல்லாம், நான்கு முறை.