சி. வி. இராமன்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 - நவம்பர் 21, 1970) தமிழ்நாட்டில் பிறந்த இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அறிவியலில் நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் இவரே. ஒளியியலாளராகவே பெரிதும் அறியப்பட்டாலும், ஆய்வு வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் இவர் ஒலியையே மிகுதியாக ஆராய்ந்தார். ஒளியும் ஒலியும் அலைகளாகப் பரவுகின்றன என்னும் உண்மையே இவருடைய இருவகை ஆய்வுகளையும் இணைக்கிறது.

இளமையும் பணியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தமையால் அங்கே வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 இல் இளங்கலைப் பட்டமும் 1907 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1906 இல், ஒளியின் விளிம்பு விளைவு பற்றிய இவரது முதல் கட்டுரை இலண்டன் ஆய்விதழொன்றில் வெளியானது. 1907 இல் லோகசுந்தரி அம்மாளை மணந்தார்.

அக்காலத்தில் இந்தியாவில் அறிவியல் ஆய்வைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அரிதாக இருந்தது. எனவே 1907 இல் கொல்கத்தாவில் அரசு நிதித்துறை அலுவலராகச் சேர்ந்தார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும், பவ்பசார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917 இல் அரசுப் பணியைத் துறந்து, அதைவிடக் குறைந்த ஊதியத்தில் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார்.

ஒலியியல் ஆய்வுகள்

அதிரும் பொருளிலிருந்து ஒலி பிறக்கிறது. அதிர்வெண் கூடினால் சுருதி உயரும். ஒரு கம்பி அதிரும்போது, அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் இரு மடங்கு, மும்மடங்கு போன்ற மேற்சுரங்களும் எழுகின்றன. இம்முழு எண் உறவே கம்பிக் கருவிகளின் இனிமைக்குக் காரணம். சாதாரணத் தோல் கருவியில் இவ்வுறவு இல்லாததால் ஓசை மட்டுமே கேட்கும். தெளிவான சுரம் கேட்காது.

மிருதங்கமும் தபலாவும் இதற்கு விதிவிலக்கு என்பதை இராமன் 1920 இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். தோலின் நடுவில் பூசப்படும் கருநிறப் பூச்சு அவ்விடத்தின் எடையைக் கூட்டுகிறது. அதனால் மேற்சுரங்கள் ஏறத்தாழ முழு எண் மடங்குகளாக அமைகின்றன. இந்தியக் கைவினைஞர்கள் பட்டறிவால் கண்ட இத்தீர்வுக்கு இவர் இயற்பியல் விளக்கம் அளித்தார். வயலின், வீணை, தம்புரா ஆகியவற்றையும் ஆராய்ந்தார்.

கடலின் நீலம்

1921 இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் இவரைக் கவர்ந்தது. கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்று இராலே பிரபு கருதியிருந்தார். இராமன் ஒரு நிகல் பட்டகத்தின் வழியே, எதிரொளித்த ஒளியை நீக்கிக் கடலை நோக்கினார். அப்போதும் நீலம் மறையவில்லை. எனவே நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்து, நீர்மங்களின் ஒளிச்சிதறலை ஆராயத் தொடங்கினார்.

இராமன் விளைவு

1923 இல் இவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு பகுதியைக் கண்டார். நீர்மத்திலுள்ள மாசுகளால் எழும் ஒளிர்வாக அது இருக்கலாம் என முதலில் கருதப்பட்டது. ஆனால் நீர்மத்தைப் பலமுறை தூய்மைப்படுத்தியும் அது நீங்கவில்லை.

1928 தொடக்கத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து இச்சோதனைகள் தீவிரமாயின. 1928 பிப்ரவரி 28 அன்று விளைவு உறுதியானது. சிதறும் ஒளியின் பெரும்பகுதி அலைநீளம் மாறாமல் வெளிவருகிறது. மிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்தோ, அதனிடமிருந்து பெற்றோ அலைநீளம் மாறுகிறது. இம்மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தன்மை உடையது. அதனால் பொருளைச் சிதைக்காமலே அதன் இயல்பை அறியலாம்.

அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்சுபெர்க்கும் மாண்டல்சுடாமும் படிகங்களில் இவ்விளைவைக் கண்டனர். இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் முதல் அறிவிப்பு வெளிவந்தது. எனினும் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கிருஷ்ணனின் பங்கை இன்றைய அறிவியல் வரலாற்று நூல்கள் வலியுறுத்துகின்றன.

பிற்காலம்

1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். நிர்வாகப் பூசல்களால் 1937 இல் அப்பொறுப்பிலிருந்து விலகி, 1948 வரை அங்கேயே பேராசிரியராகத் தொடர்ந்தார். 1934 இல் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவினார்.

இக்காலத்தில் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து ஒளியையும் ஒலியையும் ஒரே ஆய்வில் இணைத்தார். மிகு அதிர்வெண் ஒலி ஒரு நீர்மத்தில் செல்லும்போது இறுக்கங்களும் தளர்வுகளும் அடுத்தடுத்து உண்டாகின்றன. குறுக்கே செல்லும் ஒளிக்கு இவை கீற்றணி போலச் செயல்பட்டு, அதைப் பல கற்றைகளாகப் பிரிக்கின்றன. லேசர் கருவிகளில் ஒளியைக் கட்டுப்படுத்த இத்தத்துவம் பயன்படுகிறது.

1948 இல் இராமன் ஆய்வு நிறுவனத்தைப் பெங்களூரில் தொடங்கினார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 இல் காலமானார். இவருடைய கண்டுபிடிப்பின் நினைவாக 1987 முதல் பிப்ரவரி 28 இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.