பழஞ்சின்னங்களின் காவலர் சர் ஜான் லபக்

மன்னர் எழுப்பிய கோட்டைகளைப் போற்றுவோர் பலர். பெயர் அறியப்படாத மக்கள் நாட்டிய கற்களைக் காப்பவர் யார்? இவ்வினாவைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுப்பி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் போராடியவர் சர் ஜான் லபக் ஆவார்.

1834-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் இலண்டனில் வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே பள்ளியை விட்டுத் தந்தையாரின் வங்கியில் சேர்ந்தார். எனினும் கற்பதை விட்டாரில்லை. அண்டையில் வாழ்ந்த பேரறிஞர் சார்லஸ் டார்வின் அவருக்கு ஆசானாய் அமைந்தார். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்னும் பிரிவுகளுக்கு 1865-இல் பெயரிட்டவர் லபக்கே.

1870-இல் மெய்ட்ஸ்டன் தொகுதியின் உறுப்பினரானார். மறு ஆண்டே வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொணர்ந்து, உழைப்போர்க்கு ஓய்வு நாள்கள் பெற்றுத் தந்தார். அக்காலத்தில் ஏவ்பரி என்னும் சிற்றூரின் தொன்மையான பெருங்கல் வட்டத்தில் வீட்டுமனைகள் பிரிக்கப்பட இருந்தன. லபக் தம் சொந்தப் பணத்தால் அந்நிலத்தை வாங்கிக் காத்தார்.

ஒருவர் செல்வத்தால் நாட்டின் சின்னங்கள் அனைத்தையும் காத்தல் இயலுமோ? ஆகவே 1873-இல் பாதுகாப்பு மசோதாவைக் கொணர்ந்தார். தனியார் சொத்தில் அரசு தலையிடலாகாது என நிலவுடைமையாளர் எதிர்த்தனர். மசோதா வீழ்ந்தது, அவர் மீண்டும் மீண்டும் கொணர்ந்தார். 1880 தேர்தலில் தம் தொகுதியை இழந்தார். அவ்வாண்டே இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியில் வென்றார். 1882-இல் சட்டம் நிறைவேறியது. 68 சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் உரிமையாளர் இசைந்தாலன்றி அரசு காக்க இயலாது என்னும் குறை அதில் இருந்தது.

1883 முதல் பல ஆண்டுகள் இலண்டன் தொழிலாளர் கல்லூரியின் முதல்வராகவும் தொண்டாற்றினார். கடைகளில் பணியாற்றிய இளையோரின் வேலை நேரத்தை வாரத்திற்கு 74 மணிக்குள் அடக்கிய 1886-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் முயற்சியே. மக்களினங்களை உயர்ந்தவை, தாழ்ந்தவை என வரிசைப்படுத்திய அக்காலக் கருத்து அவர் நூல்களிலும் உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. அவர்தம் விடாமுயற்சியை ஏற்போம்.

1900-இல் ஏவ்பரி பிரபு என்னும் பட்டம் பெற்ற அவர், 1913 மே 28-இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே, உரிமையாளர் இசையாவிடினும் சின்னங்களைக் காக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் சட்டம் பிறந்தது.

இளைஞர்களே! வரலாறு அரண்மனைகளில் மட்டும் இல்லை. நம் முன்னோர் வெட்டிய குளமும், நாட்டிய நடுகல்லும், வழிபட்ட திடலும் வரலாறே. அவற்றை அறிந்து, எழுதிவைத்து, சட்டத்தின் துணைகொண்டு காப்பது கற்றோர் கடன். முதல் முறை மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை மறுமுறையும் எழுதுக.