காந்தித் தாத்தாவும் கலோரிக் கணக்கும்

பாவூர்சத்திரத்தில் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டு, கீழப்பாவூருக்கு நடராஜா சர்வீஸில் போகும்போதுதான் இந்தக் கணக்கு மண்டையில் ஓடியது. தெர்மல் லேபில் என்ஜினுக்கு எஃபிஷியன்சி கண்டுபிடிக்கிறோமே, மனுஷ என்ஜினுக்கு? நம்ம தசைக்கு 20 முதல் 25 சதவீதம்தான். பெட்ரோல் என்ஜின் மாதிரியே! மீதி வெப்பமாய்ப் போய்விடும். சமதரையில் நடக்க, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் முக்கால் கிலோகலோரி செலவு.

இந்த என்ஜினை ஆயுள் முழுக்க ஓட்டியவர் காந்தி. 1869-ல் போர்பந்தரில் பிறந்து, 1888-ல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், வண்டிக்காசை மிச்சம் பிடிக்க தினம் எட்டு, பத்து மைல் நடந்தார். (ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்க!) 1910-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி டால்ஸ்டாய் பண்ணை. சொந்த வேலையாக டவுனுக்குப் போகிறவர் நடந்துதான் போகணும் என்பது அங்கே விதி.

என்னை உலுக்கியது 1913. மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து நேட்டால் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் தமிழர்கள் நிறைய. நியூகாசிலிலிருந்து சார்லஸ்டவுனுக்கு 36 மைல், இரண்டு நாள் நடை. ஆளுக்குத் தினம் ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. அவ்வளவுதான்!

கணக்குப் போட்டேன். இரண்டும் சேர்ந்து சுமார் 1800 கிலோகலோரி. 60 கிலோ ஆள் ஒரு நாளில் 29 கிலோமீட்டர் நடந்தால், நடைக்கு மட்டும் 1300 போகும். மீதி நேரம் சும்மா படுத்துக் கிடந்தாலே இன்னொரு 1000 வேணும். ஆக, தினம் 500 கடன்! அது அவங்க உடம்பிலிருந்துதான் போயிருக்கும். கைக்குழந்தையைச் சுமந்து நடந்த தாய்மாருக்கு இன்னும் அதிகம். அந்த வழியில் ஒரு குழந்தை குளிரிலும் வெயிலிலும் வாடி இறந்தது. இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கை நழுவித் தண்ணீரில் போய்விட்டது. அந்தத் தாய்மார் நடையை நிறுத்தவில்லை. இதை எந்த யூனிட்டில் அளப்பது என்று எனக்குத் தெரியலை.

நவம்பர் 6-ல் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு டிரான்ஸ்வாலுக்குள் நடந்தார் காந்தி. கைதானார். 1914-ல் வரி ஒழிந்தது.

1930 தண்டி யாத்திரை எல்லாருக்கும் தெரிந்ததே. 24 நாள், 241 மைல். மெலிந்த உடம்பு, தினம் பத்து மைல். 50 கிலோ என்று வைத்தாலும் 600 கிலோகலோரிதான். நம்ம பார்டர் கடை பரோட்டா ரெண்டும் சால்னாவும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்! 1934 ஜனவரியில் குற்றாலத்துக்கும் வந்தார். அதே வருஷம் ஒரிசாவில் தீண்டாமைக்கு எதிராக நடந்தார். 77 வயதில், கலவரம் நடந்த நவகாளியில் வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்தார்.

1948 ஜனவரி 30 மாலையிலும் பிரார்த்தனை மேடைக்கு நடந்துதான் போய்க்கொண்டிருந்தார்.