உளி பிடித்து உயர்ந்த ஓவியர் ஹொக்குசாய்

கதை நூலைக் கையில் எடுத்ததும் நம் கண்கள் முதலில் நாடுவது படத்தையே. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்கு ஓவியர் மணியம் தீட்டிய படங்களால் வந்தியத்தேவனும் நந்தினியும் நம் இல்லங்களில் உலவினர். அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் நாவல்களுக்கு உயிரூட்டிய ஓவியர் ஒருவர் வாழ்ந்தார். அவரே கத்சுஷிகா ஹொக்குசாய்.

இன்று தோக்கியோ எனப்படும் யெடோ நகரில் 1760ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஆறு வயதிலேயே வரையத் தொடங்கிய அவர், ஏறத்தாழ 14 வயதில் மரப்பலகை செதுக்கும் தொழிலில் சேர்ந்தார். 1775இல் ஒரு கதை நூலின் இறுதிப் பக்கங்களைச் செதுக்கினார். பின்னரே கத்சுகாவா ஷுன்ஷோ என்னும் ஆசானிடம் ஓவியம் பயின்றார்.

அக்காலத்தில் ஓவியர் மெல்லிய தாளில் வரைவார். அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டுவர். செதுக்குவோர் கோடுகளை விட்டுவிட்டு ஏனைய பகுதிகளைக் குடைந்தெடுப்பர். அச்சிடுவோர் பலகையில் மை பூசி, தாளை வைத்துத் தேய்ப்பர். ஓவியர் வரைந்த தாள் செதுக்கும்போதே அழிந்துவிடும். ஆகவே கத்தி பிடித்த கையே ஓவியத்தைக் காக்க வேண்டும். பால்மரம் வெட்டியோர் இதனை நன்கு உணர்வர். வெட்டின் ஆழம் குறைந்தால் பால் வடியாது. மிகுந்தால் மரம் புண்படும்.

1807 முதல் 1811 வரை வெளிவந்த, பாக்கின் என்னும் எழுத்தாளரின் நீண்ட நாவலுக்கு ஹொக்குசாய் படங்கள் வரைந்தார். அது தமேத்தோமோ என்னும் வில்வீரனின் கதை. கடலும் புயலும் போரும் அப்படங்களில் பொங்கி எழுந்தன. ஏறத்தாழ 1831இல் அவர் படைத்த ‘கனகாவா பேரலை’ உலகப் புகழ் எய்தியது. 2024இல் வெளியான ஜப்பானின் ஆயிரம் யென் தாளிலும் அவ்வலை இடம்பெற்றுள்ளது.

புகழுற்ற பின்னும் அவர் உளி பிடித்தோரை மறந்தாரல்லர். வேறொருவர் தாம் வரைந்த கண்ணையும் மூக்கையும் மாற்றிச் செதுக்கியது கண்டு வருந்தினார். எகாவா தொமேக்கிச்சி என்னும் தேர்ந்த தொழிலாளியிடமே பலகைகளை ஒப்படைக்குமாறு பதிப்பாளருக்கு மடல் எழுதி வற்புறுத்தினார். நல்ல வேலையின் அருமையை வேலை செய்தவரே அறிவார் அன்றோ!

1839இல் நேர்ந்த தீயில் அவர் சேர்த்து வைத்திருந்த வரைபடங்கள் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது 79. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. எண்பது கடந்த பின்னரும் காலைதோறும் ஒரு சிங்கம் வரைவதைக் கடமையாகக் கொண்டிருந்தார். 1849இல், 88ஆம் வயதில், மறைந்தார். இன்னும் சில ஆண்டுகள் கிடைத்தால் உண்மையான ஓவியனாகலாம் என்பதே அவரது இறுதி ஏக்கமாக இருந்தது என்பர்.

மாணவச் செல்வங்களே! உழைக்கும் கையிலிருந்தே உயர்ந்த கலை பிறந்தது. நம் பெற்றோரின் காய்த்த கைகளை மதிப்போம், நாள்தோறும் பயில்வோம்.