விண்ணொலி கேட்ட வித்தகர்

வீட்டுக் கூரைகளின்மேல் வானை நோக்கிய வண்ணம் நிற்கும் சிறு கிண்ணங்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலைகளைத் திரட்டித் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தருவன அவை. அக்கோள்கள் நிலவுலகம் சுழலும் வேகத்திற்கு ஒப்பத் தாமும் சுற்றிவருதலால், நம் பார்வைக்கு வானில் ஓரிடத்திலேயே நிற்பன போலும். ஆதலின், கிண்ணத்தை ஒருமுறை திருப்பிப் பொருத்திவிட்டால் போதும். விண்மீன்களோ அவ்வாறு நில்லா. கிழக்கே எழுந்து மேற்கே சாய்வன. அவை இருக்கும் பெருவெளியிலிருந்து வரும் மெல்லிய அலைகளைப் பற்ற விரும்புவோர் வீட்டளவு பெரிய கிண்ணம் அமைத்தல் வேண்டும். அமைத்தால் மட்டும் போதாது. அதனை அசைக்கவும் வேண்டும். எதனைக் கொண்டு அசைப்பது? எத்திசையில் அசைப்பது? இவ்வினாக்களுக்குத் தம் கைப்பொருளைக் கொண்டே விடை கண்டவர் கிரோட் ரீபர் என்னும் அமெரிக்கர்.

ரீபர் 1911-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் சிக்காகோ நகரில் பிறந்தார். அதற்கு மேற்கே உள்ள வீட்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அவருடைய அன்னையார் ஹேரியட் கிரோட் அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியையாக விளங்கியவர். அண்டவெளியில் விண்மீன் குடும்பங்கள் விலகிச் செல்கின்றன என்பதற்குச் சான்று காட்டிய எட்வின் ஹபிள், சிறுவனாக இருந்தபோது அவ்வம்மையாரிடம் பாடம் கேட்டவரே. ஓர் ஆசிரியையின் மாணவர் ஒளியைக் கொண்டு வானை அளந்தார். அவ்வாசிரியையின் மைந்தர் ஒளியன்றி வேறொன்றைக் கொண்டு அளக்கப் புகுந்தார்.

பள்ளிப் பருவத்திலேயே ரீபர் வானொலிக் கருவிகளில் பெருவிருப்பம் கொண்டு, தாமே செய்தி அனுப்பவும் பெறவும் உரிமம் பெற்றிருந்தார். 1933-ஆம் ஆண்டில் பொறியியற் பட்டம் பெற்றுச் சிக்காகோவில் வானொலிப் பெட்டி செய்யும் தொழிலில் அமர்ந்தார்.

அக்காலத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளைஞர், பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்துகொண்டிருந்தார். கடல் கடந்து பேசும் தொலைபேசியில் கேட்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வது அவர்க்கு இடப்பட்ட பணி. கம்பிகளால் நீண்டதோர் அலைவாங்கி செய்து, ஃபோர்டு நிறுவனத்தாரின் ‘டி’ வகை மோட்டார் வண்டியின் சக்கரங்கள்மேல் அதனை ஏற்றி, இருபது நிமிடத்திற்கு ஒருமுறை வட்டமாகச் சுற்றவிட்டு அவர் ஆராய்ந்தார். இடியோசையும் மின்னலும் அல்லாத ஓர் இரைச்சல் பால்வழி மண்டலத்திலிருந்தே வருவதை 1933-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். தொலைபேசிக்கு வேண்டிய செய்தி கிடைத்துவிட்டபடியால் அவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டார். வானூலாரோ மின்கருவி அறியார். பொறியாளரோ வானூல் அறியார். இவ்விருவர்க்கும் இடையே அப்பெருங்கண்டுபிடிப்புக் கேட்பாரற்றுக் கிடந்தது.

ரீபர் அதனைப் படித்தார். ஜான்ஸ்கியோடு இருந்து ஆராய விரும்பிப் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை கேட்டார். பொருள் நெருக்கடி மிகுந்த காலம் அது, இடம் இல்லை. பிறர் செய்யாராயின் நாமே செய்வோம் என்று துணிந்து, 1937-ஆம் ஆண்டுக் கோடையில் தம் அன்னையார் இல்லத்தின் பக்கத்து வெற்றிடத்தில் வேலையைத் தொடங்கினார்.

அவர் அமைத்த கிண்ணத்தின் குறுக்களவு ஏறத்தாழ 31 அடி. பரவளைய வடிவில் அறுத்த மரச்சட்டங்களைச் சுற்றிலும் நிறுத்தி, அவற்றின்மேல் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளை வேய்ந்தார். கிண்ணத்தின்மேல் விழும் அலைகளெல்லாம் 20 அடி உயரத்தில் ஒரு புள்ளியிற் குவியும். அங்கே அலைவாங்கியை வைத்தார். எல்லாம் சேர்ந்தும் எடை இரண்டு டன்னுக்குள் அடங்கிற்று.

இனி அசைக்கும் வழி. இத்தகைய கிண்ணம் வானின் எல்லாப் பகுதியையும் நோக்க வேண்டுமாயின் இருவகை அசைவு வேண்டும்: மேலும் கீழும் சாய்தல் ஒன்று, இடமும் வலமும் திரும்புதல் மற்றொன்று. முன்னதற்குப் பற்சக்கரங்கள் போதும். பின்னதற்கோ முழு அமைப்பையும் தாங்கும் வட்டப் பாதையும், காற்று மோதும்போதும் தளராத உறுதியான சக்கரங்களும், சீராக இயக்கும் பொறியும் வேண்டும். பொறி சற்றே விரைந்தாலும் பிந்தினாலும் நோக்கும் இடம் தவறிவிடும். மாதச் சம்பளம் வாங்கும் ஓர் இளைஞர்க்கு அஃது எட்டாத செலவு. ரீபர் எண்ணிப் பார்த்தார். வானத்தைப் பின்தொடர்ந்து கிண்ணம் ஓட வேண்டுமா? நிலவுலகந்தான் ஒரு மணிக்கு 15 பாகை வீதம் ஓயாது சுழல்கிறதே! கிண்ணத்தை வடக்கு தெற்காக மட்டும் சாயுமாறு அமைத்து ஓர் உயரத்தில் நிறுத்திவிட்டால், அவ்வுயரத்தில் உள்ள வானப்பகுதி முழுவதும் ஒருநாட் பொழுதில் அதன்முன் தானாகவே கடந்து செல்லுமன்றோ? மறுநாள் உயரத்தைச் சிறிது மாற்றினால் அடுத்த பகுதி கடந்து செல்லும். ஆக, இடவலம் திருப்பும் வேலையை நிலவுலகிடமே ஒப்படைத்துவிட்டு, சாய்க்கும் வேலையை மட்டும் தம் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு அவர் தேர்ந்த கருவி பழைய ‘டி’ வகை ஃபோர்டு சுமைவண்டியிலிருந்து கழற்றிய பற்சக்கர உறுப்புகளே. ஜான்ஸ்கிக்கு அவ்வண்டியின் சக்கரம் உதவியது; ரீபர்க்கு அதன் பல்லுறுப்பு உதவியது. அவ்வண்டியை வடித்தவர் கனவிலும் கருதாத பயன் இது!

கருவியைத் தேர்வது என்பது விலையுயர்ந்ததைத் தேர்வது அன்று. இன்ன வேலைக்கு இது வேண்டும், இது வேண்டா என்று காண்பதே தேர்வு. பிற்காலத்தில், 1957-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் 250 அடிக் கிண்ணம் ஒன்று எத்திசையும் திரும்புமாறு எழுந்தது. அதனைச் சாய்ப்பதற்குப் போர்க்கப்பல்களின் பீரங்கிக் கோபுரங்களைத் திருப்பிய பற்சட்டங்கள் பயன்பட்டன. செலவு மிகுந்து பெருங்கடனும் நேர்ந்தது. நம் உதகமண்டலத்தில் 1970-இல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கியோ மற்றொரு வழியைக் காட்டுகிறது. 530 மீட்டர் நீளமுள்ள அது, அவ்விடத்தின் அகலாங்கு ஆகிய ஏறத்தாழ 11 பாகை அளவே சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதனால் அதன் அச்சு நிலவுலகின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே மணிக்கணக்காக ஒரு விண்பொருளைத் தொடர்ந்து நோக்க முடிகிறது.

வீட்டனில் எழுந்த கிண்ணம் ஊரார்க்கு வியப்பையும் ஐயத்தையும் விளைத்தது. மழைக்காலத்தில் அது மேல்நோக்கி இருந்தால் நடுவில் உள்ள துளை வழியே அருவிபோல் நீர் கொட்டும். அது கண்டு மழைநீர் சேர்க்கும் பொறி என்றனர் சிலர். மழையையே அடக்கும் பொறி என்றனர் சிலர். காலை வெயில் பட்டதும் தகடுகள் விரிந்து படபடவென்று ஓசை எழுப்பும். சிறுவர் ஏறி விளையாடினர்.

ஊரார் விளையாட்டாகக் கருதிய காலத்தில் ரீபர் தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்தார். அலையின் நீளம் குறையக் குறைய இரைச்சல் மிகும் என்பது அக்காலப் பௌதிகக் கொள்கை. அதனை நம்பி முதலில் 3300 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கேட்டார், ஒன்றும் இல்லை. பின்னர் 900-க்கு அணித்தான அதிர்வெண்ணுக்கு வேறொரு கருவி செய்தார். அதிலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏற்பியைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. கையிருப்பும் கரைந்தது. ஆயினும், பிழை கிண்ணத்தில் இல்லை, கொள்கையில் இருத்தல் கூடும் என்று கருதி, 160 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினார். பால்வழி மண்டலத்தின் இரைச்சல் அப்போது கேட்டது! வெப்பத்தால் மட்டும் அவ்வலைகள் எழவில்லை என்பதும் அதனால் விளங்கிற்று.

பகலெல்லாம் சிக்காகோவில் வேலை. மோட்டார் வண்டிகளின் பொறியில் எழும் மின்பொறி நுண்கருவியைக் குழப்பும். ஆதலின் ஊர் உறங்கிய பின், நள்ளிரவு முதல் விடியுமளவும் அளவுகளைக் குறித்தார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் பட்டைபட்டையாக வானை அளந்தார். 1940-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை வானியல் இதழில் வெளிவந்தது. பெயரறியாத பொறியாளர் ஒருவரின் கட்டுரையை ஏற்பதா என்று அவ்விதழாசிரியர் ஆட்டோ ஸ்ட்ரூவ தயங்கி, அறிஞர்களை வீட்டனுக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்த பின்னரே அச்சிட்டார் என்பர். 1944-ஆம் ஆண்டில் ரீபர் வெளியிட்ட வானப் படமே வானொலி அலைகளைக் கொண்டு வரைந்த முதற்படம். இரண்டாம் உலகப்போரின் இருளில் மூழ்கியிருந்த ஹாலந்து நாட்டிலும் அவர் எழுத்து எட்டியது. அதனைக் கண்ட வானூலறிஞர் ஊர்ட், தம் மாணவர் வான் டி ஹுல்ஸ்ட்டை இத்துறையில் ஏவினார். ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலையை வெளியிடும் என்னும் கணிப்பு அதனால் பிறந்தது.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் உலகில் இத்துறையை முனைந்து ஆய்ந்தவர் ரீபர் ஒருவரே எனலாம். போர் முடிந்ததும் ரேடார் கருவிகளில் பழகிய அறிஞர் பலர் இத்துறையிற் புகுந்து பெருங்கிண்ணங்கள் எழுப்பினர். 1947-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அளவைகள் நிறுவனம் வீட்டன் கிண்ணத்தை வாங்கி வர்ஜீனியாவுக்குக் கொண்டுசென்றது. அங்கே அதற்கு வட்டமேடையும் அமைத்தது. பொருளின்மையால் ரீபர் விட்டுவைத்த இரண்டாம் அசைவு அவ்வாறு வந்து சேர்ந்தது.

கூட்டம் சேர்ந்த இடத்தில் ரீபர் நிற்கவில்லை. ஹவாய்த் தீவு மலைக்குச் சென்று, 1954-இல் ஆஸ்திரேலியாவைச் சார்ந்த டாஸ்மேனியாத் தீவை அடைந்தார். அங்கே கிண்ணமே இன்றி, கம்பங்களுக்கிடையே கம்பிகளைக் கட்டி, 144 மீட்டர் நீளமுள்ள அலைகளை ஆராய்ந்தார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்வது தவறாகாது. பேரண்டம் ஒரு காலத்தில் வெடித்துத் தோன்றியது என்னும் கொள்கையை அறிஞருலகம் ஏற்ற பின்னரும் அவர் இறுதிவரை ஏற்கவில்லை. கொடி சுற்றும் திசையை மாற்றிக் கட்டி அவரைச் செடியின் விளைச்சலையும் சோதித்தவர் அவர்!

2002-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், தொண்ணூற்றோராம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், டாஸ்மேனியாவில் அவர் மறைந்தார். அவரது சாம்பல் உலகின் பல வானொலி ஆய்வு நிலையங்களில் வைக்கப்பட்டுள்ளது. அவர் கையாற் செய்த கிண்ணம், அவர் கண்காணிப்பிலேயே மீண்டும் பொருத்தப்பட்டு, மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்னும் இடத்தில் நிற்கிறது.