முடி சூடாத மன்னன்!

மன்னன் தலை உருண்டால் மன்னராட்சி ஒழிந்துவிடுமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நமது நினைவு இங்கிலாந்துக்கு, ஆலிவர் கிராம்வெல்லிடம் ஓடுகிறது.

1599-ல் ஹண்டிங்டன் என்னும் ஊரில் பிறந்தவன். நாற்பது வயதுவரை நாடறியாத நிலக்காரன். அரியணையில் இருந்தவனோ முதலாம் சார்லஸ். ஆண்டவனே தன்னை ஆள அனுப்பியதாக நம்பியவன்! 1629 முதல் 11 ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான். கடற்கரை ஊர்கள் தரும் கப்பல் வரியை, கடலையே காணாத ஊர்களிடமும் கறந்தான். 1640-ல் கஜானா காலி. வேறு வழியின்றிப் பாராளுமன்றத்தைக் கூட்டினான். அவன் கேட்டது பணம். அவர்கள் கேட்டது உரிமை. 1642-ல் போர் மூண்டது.

கேம்பிரிட்ஜ் உறுப்பினனாக இருந்த கிராம்வெல் குதிரைப் படை திரட்டினான். குலம் பார்த்தல்ல, கொள்கை உறுதி பார்த்து ஆள் எடுத்தான். 1644-ல் மார்ஸ்டன் மூர், 1645-ல் நேஸ்பி. மன்னன் படை சிதறியது. 1649 ஜனவரி 30-ல் சார்லசின் தலை வெட்டப்பட்டது. மன்னர் பதவி போயிற்று, பிரபுக்கள் சபை போயிற்று, குடியரசு பிறந்தது!

யாருக்குப் பிறந்தது? அதைத்தான் நாம் கேட்கிறோம். போரிட்டவர்களிலே உழவர் உண்டு, செருப்புத் தைப்பவர் உண்டு, நெசவாளர் உண்டு. 1647-லேயே பட்னி மாதாகோவிலில் கூடி, சொத்து இல்லாதவனுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அவர்கள் வாதாடினார்கள். கிராம்வெல்லும் அவன் மருமகன் அயர்டனும் மறுத்தார்கள். நிலம் உடையவனுக்கே நாட்டில் பங்கு என்பது அவர்கள் கணக்கு. உயிரைக் கொடுக்கத் தகுதி உண்டாம், ஓட்டுக் கொடுக்கத் தகுதி இல்லையாம்! 1649 மே மாதம் சம்பள பாக்கி கேட்டும் உரிமை கேட்டும் கிளம்பிய வீரர்களை பர்போர்டு என்ற ஊரில் மடக்கி, மாதாகோவிலுக்குள் அடைத்தான். மூவரை வெளியே நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு.

அதே ஆண்டு அயர்லாந்தில், ட்ரோகெடா நகரில் அவன் படை நடத்திய படுகொலையை ஐரிஷ் மக்கள் இன்னும் மறக்கவில்லை.

1653 ஏப்ரல் 20. பாராளுமன்றத்தைக் காக்க வாளெடுத்தவன், துப்பாக்கி வீரர்களோடு அதே பாராளுமன்றத்துக்குள் நுழைந்தான். சபாநாயகரை இறக்கினார்கள், சபையின் செங்கோலை அகற்றினார்கள், கதவைப் பூட்டினார்கள். டிசம்பரில் அவன் நாட்டின் காப்பாளன் ஆனான். 1655-ல் நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு படைத்தலைவனை வைத்தான். குதிரைப் பந்தயத்துக்கும் தடை, சேவல் சண்டைக்கும் தடை! நல்லதும் செய்தான், மறைப்பானேன்? 1290-ல் விரட்டப்பட்ட யூதர்கள் மீண்டும் குடியிருக்க 1656-ல் இடம் தந்தான். ஆனால் அதுவும் அவன் தயவு, சட்டமல்ல.

1657-ல் மணிமுடியையே நீட்டினார்கள். வேண்டாம் என்றான். உலகம் வியந்தது. நாமும் வியந்திருப்போம், அடுத்த மாதம் நடந்ததைப் பாராதிருந்தால்! மன்னர்கள் முடிசூடும் அதே நாற்காலியில் அமர்ந்தான்; ஊதா அங்கி அணிந்தான்; கையிலே செங்கோல். தனக்குப்பின் ஆள்பவனைத் தானே குறிக்கும் உரிமையும் பெற்றான். முடி ஒன்றுதான் பாக்கி.

1658 செப்டம்பர் 3-ல் இறந்தான். அந்தப் பாக்கியும் அப்போது தீர்ந்தது: மக்கள் பார்வைக்கு வைத்த அவன் உருவப் பொம்மையின் தலையிலே மணிமுடி சூட்டினார்கள்! பட்டம் மகன் ரிச்சர்டுக்கு. தகப்பனுக்கு அஞ்சிய படை மகனுக்கு அஞ்சவில்லை. எட்டே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியது. மக்களிடம் கேட்டு அமைத்த ஆட்சியா, மக்கள் ஓடிவந்து தாங்க? 1660-ல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தான். 1661 ஜனவரி 30-ல் கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டித் தூக்கிலிட்டு, தலையைக் கம்பத்தில் நட்டார்கள். அந்தத் தலை பல கை மாறி, 1960-ல்தான் கேம்பிரிட்ஜில் மண்ணுக்குள் போயிற்று.

1899-ல் பாராளுமன்ற வாசலில் அவனுக்குச் சிலை எழுந்தது. பர்போர்டில் சுடப்பட்ட மூவருக்கு அப்படி யாரும் சிலை எழுப்பவில்லை. 1975-ல் ஆக்ஸ்போர்டு வட்டாரத்துத் தொழிலாளர்கள்தான் அந்த மாதாகோவில் முற்றத்தில் கூடி, அவர்களை நினைவுகூரத் தொடங்கினார்கள்.