ஆக்சிலரேட்டரை மிதிச்சா வண்டி ஏன் உதறுது? லாஞ்செஸ்டரைக் கேளுங்க

நியூட்ரல்ல நிக்கும்போது வண்டி சமர்த்தா இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஸ்டீயரிங்ல ஆரம்பிச்சு சீட் வரைக்கும் உதறும். ஒர்க் ஷாப்புக்குப் போனா முதல்ல வீல் பேலன்சிங், அப்புறம் பிளக், அதுக்கப்புறம் எஞ்சின் மவுண்ட்னு ஒவ்வொண்ணா மாத்துவாங்க. பில் ஏறும், உதறல் போகாது. காரணம் ரொம்ப எளிது: நடுக்கம் எதோட சேர்ந்து வருதுன்னு யாரும் முதல்ல கேக்கலை.

அதைக் கேட்ட மனுஷனை பேலன்சிங் பாடத்துல பேரளவுல மட்டும் பார்த்திருப்பீங்க. ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர். 1868-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா கட்டடக் கலைஞர். சவுத் கென்சிங்டனில் படித்தார், ஆனால் பட்டம் வாங்காமலே வெளியே வந்துவிட்டார் (அரியர் வெச்சிருக்கிறவங்க இதைச் சாக்கா எடுத்துக்க வேணாம்). பர்மிங்ஹாமில் ஒரு கேஸ் எஞ்சின் கம்பெனியில் வேலை. அங்கிருந்தபடியே காருக்குத் தாவினார்.

அவருடைய முதல் கார் 1896-ல் ரோட்டுக்கு வந்தது. ஒரே சிலிண்டர், பவர் பத்தலை. அடுத்த வருஷமே இரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார். அதைத்தான் நீங்க கவனிக்கணும். எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு பிஸ்டன், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கிராங்க் ஷாஃப்ட், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபிளைவீல். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். இவ்வளவு பாடு எதுக்கு? ஒரே கிராங்க் இருந்தால், வேகம் கூடும்போது கிராங்க் ஒரு பக்கம் முறுக, எஞ்சின் பாடி மறுபக்கம் முறுகும். பானெட்டைத் திறந்து வெச்சு யாரையாவது ஆக்சிலரேட்டர் குடுக்கச் சொல்லுங்க, எஞ்சின் சாயுறது கண்ணுக்கே தெரியும். மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருந்தா அந்தச் சாய்வு அப்படியே பாடிக்கு உதறலா வரும். லாஞ்செஸ்டர் ரப்பரை நம்பவில்லை. ஒரு முறுக்கை எதிர் முறுக்கால் அடித்தார்.

வியாபாரம் மட்டும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1904-ல் கம்பெனி ரிசீவர் கைக்குப் போனது. 1909 முதல் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகர். அங்கேதான் பெரிய தலைவலி காத்திருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் பேப்பர்ல கச்சிதமா பேலன்ஸ் ஆகும். ஆனா ஓட்டினா, குறிப்பிட்ட ஆர்பிஎம்-ல கடகடன்னு நடுங்கும். அதைத் தாண்டினா அடங்கிடும். நீளமான கிராங்க் ஒவ்வொரு ஃபயரிங்குக்கும் ஈரத்துணியைப் பிழியுற மாதிரி முறுகித் திரும்பும். அதன் இயல்பான அதிர்வெண்ணும் ஃபயரிங்கும் ஒத்துப்போனா, கிராங்க் உடையவே உடையும். ராய்ஸும் அதே காலத்தில் இதே வியாதியோடு மல்லுக்கட்டினார்.

கிராங்கைத் தடிமனாக்கினால் எடைதான் ஏறும். லாஞ்செஸ்டர் கிராங்கின் முனையில் ஒரு சின்ன ஃபிளைவீலை, இறுக்கிப் பிடிக்காமல், வழுக்கும் தட்டுகள் வழியாக இணைத்தார். கிராங்க் சீராகச் சுற்றினால் அதுவும் கூடவே சுற்றும். கிராங்க் நடுங்கினால் அது நடுங்க மறுக்கும். தட்டுகள் வழுக்கி, அதிர்வு வெப்பமாகிவிடும். 1910-ல் பேடன்ட். உங்க கார் எஞ்சினோட முன்பக்க புல்லியில ஒரு ரப்பர் வளையம் இருந்தா, அது இதோட வாரிசு. அந்த ரப்பர் வெடிச்சிருக்கான்னு பாக்குற மெக்கானிக் கிடைச்சா விட்டுடாதீங்க.

நான்கு சிலிண்டரில் வியாதி வேறு. கனெக்டிங் ராடு சாய்வதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்பாதியில் மெதுவாகவும் போகும். ஒரு சுற்றுக்கு இரண்டு குலுக்கல் மிஞ்சும். அதற்கு, கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு எடைகளை வைத்தார்.

ஒரே மருந்தை எல்லாத்துக்கும் குடுக்கலை பாருங்க. நீங்களும் அப்படியே சோதிங்க. நியூட்ரல்ல மெதுவா ரெவ் ஏத்துங்க: அதே ஆர்பிஎம்-ல நடுங்கினா எஞ்சின் பக்கம். ஓடும்போது கியரை மாத்தியும் அதே கிலோமீட்டர் வேகத்துல நடுங்கினா டயர், வீல் பக்கம். மிதிச்சா வந்து, காலை எடுத்ததும் போனா டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், மவுண்ட், இல்லேன்னா லோடு ஏறும்போது மிஸ்ஃபயர். எதையும் கழட்டாமலே பாதி வேலை முடிஞ்சிடும்.

விமான இறக்கை எப்படித் தூக்குது என்பதை 1907-லேயே புத்தகமாக எழுதியதும் இவர்தான். அதற்கெல்லாம் காசு வரவில்லை. 1930-களில் பார்க்கின்சன் நோய் பிடித்தது. கடைசியில் உதவி நிதியால்தான் வீடு கைவிட்டுப் போகாமல் தப்பியது. 1946 மார்ச் 8 அன்று பர்மிங்ஹாமில் இறந்தார். சுமார் 30 வருஷம் கழித்து மிட்சுபிஷி அந்த இரட்டை ஷாஃப்டை மெருகேற்றித் தன் நான்கு சிலிண்டர் எஞ்சினில் போட்டது. அந்த வடிவமைப்புக்கு மிட்சுபிஷியிடம் லைசென்ஸ் வாங்கித்தான் போர்ஷே தன் 944 காரில் பயன்படுத்தியது.